கழுத்து மொட்டை என்றால் கறி கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கோடைக்காலப் பராமரிப்பு பற்றி எழுதும்போது, கழுத்தில் இறகு இல்லாத கோழி சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். பலர் ஒரே விஷயத்தை வேறு வேறு மாதிரி கேட்டிருப்பதால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். இந்த முறை இறகு சம்பந்தப்பட்டவை மட்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் வரும்.

கேள்வி: எங்கள் பக்கம் கிராப்புக் கோழி என்று சொல்கிற கழுத்து மொட்டைச் சேவலை வாங்கிச் சிறுவிடைப் பெட்டைகளோடு விட்டால் குஞ்சுகள் சீக்கிரம் எடை வரும், கறியும் கூடும் என்று யூடியூபில் பார்த்தேன். சேவலுக்கு நல்ல விலை சொல்கிறார்கள். வாங்கலாமா சார்? – கே.எஸ்., தாராபுரம்

பதில்: ஆசைக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். எடைக்காக என்றால் வேண்டாம்.

காரணம் இதுதான். கழுத்தை மொட்டையாக்கும் மரபணுவுக்கும் வளர்ச்சிக்கும் நேரடி உறவு கிடையாது, அது உடம்புச் சூடு வெளியே போக வழிவிடுகிறது, அவ்வளவுதான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடம்பு வெப்பமே 41, 42 டிகிரியில் இருக்கும். தின்ற தீனியைச் செரித்துச் சதையாக்கும் வேலையில் உள்ளே சூடு உண்டாகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அவ்வளவு சூடு. அதைக் கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியில் இருக்கும் வெறும் தோல் இவற்றின் வழியாகவும், வாயைப் பிளந்து இளைத்தும்தான் கோழி வெளியே தள்ளியாக வேண்டும். மற்ற இடமெல்லாம் இறகு மூடிக் கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் ஷெட்டுக்குள் 36, 38 டிகிரி ஆகும்போது அதற்குத் தெரிந்த ஒரே வழி தீனியைக் குறைத்துக்கொள்வது. பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை பிராய்லர் ஷெட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தீனித் தட்டு நிறைந்தபடி இருக்கும், தண்ணீர்ப் பக்கம்தான் கூட்டம். அப்படிக் குறைத்த தீனிதான் கடைசியில் எடையில் விழுகிற துண்டு.

கழுத்தில் இறகு இல்லாத கோழிக்கு இந்தத் துண்டு சின்னதாகிறது. அவ்வளவையும் நாம் 'வளர்ச்சி கூடியது' என்று படித்துக்கொள்கிறோம். இதை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் ரெஹோவோத்தில் உள்ள ஹீப்ரு பல்கலைக்கழக வேளாண் துறையைச் சேர்ந்த அவிக்தோர் கஹானர். வேகமாக வளரும் பிராய்லர் வம்சங்களுக்குள் இந்த மரபணுவைக் கொண்டுவந்து, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மொட்டைக்கழுத்துக் கோழியையும் முழு இறகுக் கோழியையும் சாதாரண வெப்பத்திலும் சூட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். சூட்டில் மொட்டைக்கழுத்து முந்தியது, நெஞ்சுக்கறியும் கூடியது. குளிர்ச்சியான ஷெட்டில் வித்தியாசம் சுருங்கியது. இன்னொரு ஆய்வில் வேறொன்றையும் பார்த்தார்கள்: வம்சம் எவ்வளவு வேகமாக வளரக்கூடியதோ, சூட்டில் இந்த மரபணுவின் பலனும் அவ்வளவு பெரியது.

உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. சிறுவிடை ஒரு கிலோ தொடவே நாலைந்து மாதம் எடுக்கிறது, அதுவும் மரத்தடியில், புழுதியில் குளித்துக்கொண்டு, வெயில் ஏறினால் வேலி ஓரமாக ஒதுங்கிக்கொண்டு. அது உண்டாக்கும் சூட்டை வெளியேற்ற இருக்கிற தோலே போதும். கழுத்து இறகை எடுத்துவிட்டால் மட்டும் அது திடீரென்று தின்றுவிடாது. அப்புறம் ஏன் சிலருக்குக் குஞ்சுகள் பெரிதாக வருகின்றன என்றால், விற்கப்படும் சேவல் பெரும்பாலும் பெரிய உடம்புக் கலப்பாக இருக்கும், அந்த உடம்புதான் குஞ்சில் வருகிறது. பேரை மட்டும் கழுத்து வாங்கிக்கொண்டு போகிறது.

கேள்வி: இறகு வளர்க்கச் செலவாகும் புரதம் மிச்சமாகி அது கறியாக மாறுகிறது என்கிறார்கள். கணக்கு சரிதானா? எனக்கு எண்ணாகச் சொன்னால்தான் புரியும். – ஆர்.பி., பல்லடம்

பதில்: பாதி சரி. எண்ணாகவே பார்ப்போம்.

கோழியின் உயிர் எடையில் இறகு சுமார் 4இலிருந்து 8 சதவீதம் வரை இருக்கும், வயதும் இனமும் பொறுத்து மாறும். 2 கிலோ பிராய்லருக்கு 5 சதவீதம் என்று வைத்தால் 100 கிராம். மொட்டைக்கழுத்து மரபணு ஒரு பிரதி இருந்தால், அதாவது தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், மொத்த இறகு 20 முதல் 30 சதவீதம் குறையும், இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி இருந்தால் சுமார் 40 சதவீதம் வரை. (கழுத்து மட்டும் என்று நினைக்காதீர்கள், நெஞ்சு, தொடைப் பக்கமும் இறகு குறைந்துதான் இருக்கும். கையில் தூக்கி இறக்கையை விரித்துப் பார்த்தால் தெரியும்.) ஆக ஒரு பிரதிக் கோழியில் மிச்சம் 20, 30 கிராம். குப்பைக்குப் போகும் எடை அவ்வளவு குறைவதால், அதே உயிர் எடையில் கறி விகிதம் ஒன்றரை சதவீதம் வாக்கில் கூடும். இரு பிரதிக்கு இதைவிடக் கொஞ்சம் கூட. இது நம்பலாம், பல நாட்டில் பார்த்தது.

இப்போது புரதக் கணக்கு. காய்ந்த இறகு கிட்டத்தட்ட 90 சதவீதம் புரதம். 25 கிராம் இறகு மிச்சம் என்றால் சுமார் 20 கிராம் புரதம். கறியில் புரதம் ஐந்தில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்படிப் பார்த்தால் 20 கிராம் புரதத்தில் 100 கிராம் கறி கிடைக்க வேண்டும், காகிதத்தில் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் இறகின் புரதம் கெரட்டின், அதில் சிஸ்டின் என்கிற அமினோ அமிலம் அதிகம், லைசின் மிகக் குறைவு. சதை கட்ட லைசின்தான் முதலில் வேண்டும். எனவே இறகிலிருந்து மிச்சமாவது அப்படியே சதைக்குப் போய்ச் சேராது. சிஸ்டினுக்காகச் செலவாகும் மெத்தியோனின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் கொஞ்சம் மிச்சப்படும், அது வரைக்கும் லாபம். அந்த 100 கிராமை யாரும் தராசில் பார்க்கப் போவதில்லை.

கொழுப்பு விஷயமும் உண்டு. இந்தக் கோழிகளில் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவாக இருக்கும்.

இனி முக்கியமான கேள்வி, இந்த ஒன்றரை சதவீதம் யாருக்கு? நீங்கள் பல்லடத்தில் இருப்பதால் கேட்கிறேன், கம்பெனிக்குக் குஞ்சு வாங்கி வளர்க்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வளர்ப்புக் கூலி உயிர் எடையில்தான். வியாபாரிக்கு நேரடியாகக் கொடுத்தாலும் உயிர் எடைதான். கறி விகிதம் கூடினால் அது வெட்டுகிற கடைக்காரருக்குப் போகிறது. அதுவும் நம் ஊரில் பிராய்லரை இறகோடு தோலையும் சேர்த்து உரித்துப் போடுகிறோம், தோல் கொழுப்பு குறைந்ததன் பலனும் வாடிக்கையாளர் கண்ணில் படாது. நீங்களே வெட்டிக் கறியாக விற்பவர் என்றால் மட்டும் இந்தக் கணக்கை எடுத்து வையுங்கள். உயிர் எடைக்கு விற்பவருக்கு இந்த மரபணுவில் கிடைப்பது கோடைப் பேட்சில் எடை விழாமல் இருப்பதும், சூட்டில் சாவு குறைவதும்தான். சிலருக்கு அதுவே பெரிய காசு.

கேள்வி: கழுத்து மொட்டைச் சேவலைச் சாதாரணப் பெட்டைகளோடு விட்டேன். பொரித்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி மொட்டை, பாதி சாதாரணம். சேவல் விற்றவர் 'அத்தனையும் மொட்டையாகத்தான் வரும்' என்று சத்தியம் பண்ணினார். ஏமாற்றிவிட்டாரா? இனி மொட்டைக் குஞ்சுகளை மட்டும் வைத்துத் தனி வம்சமாகக் கொண்டுபோகலாமா? – பி.எம்., மணப்பாறை

பதில்: அவருக்கே தெரியாமல் சொல்லியிருக்கலாம், சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள்.

இந்த மரபணு தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வருவது. ஒன்று இருந்தாலே கழுத்து மொட்டை தெரிந்துவிடும், இரண்டும் இருந்தால் இன்னும் மொட்டை. உங்கள் சேவலிடம் ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதனால் அது பாதிக் குஞ்சுக்கு அதைக் கொடுத்தது, பாதிக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பிரதி உள்ள சேவலாக இருந்திருந்தால் விற்றவர் சொன்னபடி எல்லாக் குஞ்சும் மொட்டையாக வந்திருக்கும்.

இதை வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். சேவலை மடியில் வைத்துக் கழுத்தின் முன்பக்கத்தைப் பாருங்கள், தீனிப்பைக்குச் சற்று மேலே. அங்கே ஒரு கொத்து இறகு, டை கட்டின மாதிரி நின்றால் அது ஒரு பிரதிக் கோழி. அந்த இடம் சுத்தமாக வெறும் தோலாக, அல்லது எண்ணி நாலைந்து இறகோடு இருந்தால் இரண்டு பிரதி. ஒரு நாள் குஞ்சிலேயே கழுத்து மொட்டை தெரியும், கொத்தும் ஓரளவு தெரியும், வளர வளரத் தெளிவாகும்.

இது எப்படி நடக்கிறது என்பதை 2011இல் எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தில் டெனிஸ் ஹெடன் குழு கண்டுபிடித்தது, படிக்கவே சுவாரசியமான சமாச்சாரம். கருவில் தோலில் இறகு முளைக்கும் புள்ளிகள் உருவாகும் நேரத்தில், 'இங்கே முளைக்காதே' என்று தடுக்கும் ஒரு புரதம் உண்டு, பெயர் பி.எம்.பி.12. இந்தக் கோழிகளில் அந்தப் புரதத்தின் மரபணுவுக்குப் பக்கத்தில் வேறொரு குரோமோசோமின் துண்டு வந்து செருகிக்கொண்டு, புரதம் அளவுக்கு மேல் சுரக்கிறது. உடம்பு முழுக்கத் தோலில் சுரந்தாலும் கழுத்துத் தோல்தான் அதற்கு ரொம்பவும் அடங்கிப்போகிறது, ஏனென்றால் அங்கே வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் இருந்து அந்தத் தடையை இன்னும் கடுமையாக்குகிறது. மெக்சிகோ, பிரான்ஸ், ஹங்கேரிக் கோழிகளை எடுத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் அதே செருகல்.

இனி தனி வம்சம் பற்றி. ஒரு பிரதி மொட்டையை ஒரு பிரதி மொட்டையோடு சேர்த்தால் நாலில் ஒரு பங்கு இரண்டு பிரதி, பாதி ஒரு பிரதி, நாலில் ஒரு பங்கு சாதாரணம். தலைமுறைக்குத் தலைமுறை கொத்து இல்லாததைப் பொறுக்கி வைத்தால் வம்சம் நிலைக்கும். ஆனால் இரண்டு பிரதிக் கருக்கள் அடையின் கடைசி நாட்களில் முட்டைக்குள்ளேயே சாவது கூடுதலாக இருக்கும், பொரிப்பு விகிதம் விழும். அதனால்தான் கறிக்காகச் செய்கிறவர்கள் இரண்டு பிரதிச் சேவலை ஒரு பக்கம் தனியாக வைத்துக்கொண்டு, முழு இறகுப் பெட்டையோடு சேர்த்து, ஒரு பிரதிக் குஞ்சாகவே விற்பனைக்கு எடுக்கிறார்கள். எல்லாக் குஞ்சும் மொட்டை, பொரிப்பிலும் அடி இல்லை.

உங்களிடம் இப்போது இருப்பது உண்மையில் ஒரு அருமையான சோதனைக் கூட்டம், விட்டுவிடாதீர்கள். ஒரே தகப்பன், ஒரே நாள் பொரித்தவை, பாதி மொட்டை, பாதி இல்லை. காலில் கலர் வளையம் போட்டு, சேவல் குஞ்சைச் சேவலோடும் பெட்டையைப் பெட்டையோடும் வைத்து எட்டாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் எடை எடுங்கள். சேவல் பெட்டையைக் கலந்து எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். உங்கள் பண்ணையில் இந்த மரபணு ஏதாவது செய்கிறதா என்று எந்த வீடியோவையும்விட அந்த நோட்டு சரியாகச் சொல்லும், எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் மொட்டைக்கழுத்துச் சேவலுக்கு நாலு மாதத்துக்கு மேல் கழுத்து ரத்தச் சிவப்பாகிவிட்டது. நோயா? – ஜி., தேனி

பதில்: நோய் இல்லை. வயதுக்கு வரும்போது கொண்டை சிவப்பது போலவே வெயில் படும் கழுத்துத் தோலும் சிவக்கும், சேவலில் நன்றாகவே. மற்றவை கொத்திய காயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்ற கோழிகளுக்கு அந்தச் சிவப்பு ஒரு இலக்காகிவிடும். காயம் இருந்தால் ஆறும் வரை தனியே அடையுங்கள்.

கேள்வி: இறகு எல்லாம் திரும்பிச் சுருண்டு நிற்கும் கோழி எங்கள் சந்தைக்கு எப்போதாவது வரும். அதற்கும் சூடு தாங்கும் குணம் உண்டாமே? மொட்டைக்கழுத்தோடு சேர்த்தால் இரட்டை லாபமா? – எஸ்.வி., திருச்செந்தூர்

பதில்: உண்டு, ஆனால் மொட்டைக்கழுத்து அளவுக்கு இல்லை. சுருள் இறகில் இறகின் எண்ணிக்கை குறையவில்லை, உடம்போடு ஒட்டிப் படியாமல் வெளிப்பக்கம் வளைந்து நிற்பதால் காற்று உள்ளே போய்வருகிறது. இறகுத் தண்டைக் கட்டும் கே.ஆர்.டி.75 என்ற கெரட்டின் மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டுப்போனதுதான் காரணம் என்று 2012இல் தெரிந்தது. இதுவும் ஒரு பிரதியிலேயே வெளியே தெரியும். இரண்டு பிரதி சேர்ந்தால் இறகு நொறுங்கி உதிர்ந்து, பாதி அம்மணமான ஒரு பாவப்பட்ட பிராணியாகிவிடும், அதனால் சுருளோடு சுருளைச் சேர்க்காதீர்கள்.

இரட்டை லாபம் என்று நீங்கள் கேட்டது சூடான இடத்தில், வேகமாக வளரும் கோழியில் உண்மைதான். இரண்டு மரபணுவும் ஒவ்வொரு பிரதி இருந்த பிராய்லர்கள் சூட்டில் ஒன்று மட்டும் இருந்ததைவிட நன்றாக வந்திருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று கூடுகிறது. ஆனால் உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். சுருள் இறகு தண்ணீரை வழியவிடாது, தொப்பலாக நனையும். சரியாகப் பறக்கவும் வராது, கீரியோ நாயோ வந்தால் வேலிமேல் ஏறித் தப்பிக்கும் சாமர்த்தியம் இருக்காது. கூரைக்குள் வளர்த்தால் பாதகமில்லை. திறந்த வெளிக்கு நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: உடம்பில் ஒரு இறகுகூட இல்லாத சிவப்புக் கோழியின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கம்ப்யூட்டரில் செய்ததுதானே? – பலர்

பதில்: இல்லை, நிஜக் கோழி. 2002இல் உலகம் முழுக்கச் செய்தியானது, மேலே சொன்ன அதே கஹானர் வளர்த்தது. மரபணு மாற்றம் செய்த கோழி என்று சேர்த்து அனுப்புகிறார்கள், அது தவறு. 1950களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நியூ ஹாம்ப்ஷயர் கோழிக் கூட்டத்தில் தானாகத் தோன்றிய குறை அது. இறகும் இல்லை, காலில் செதிலும் இல்லை. எஃப்.ஜி.எஃப்.20 என்ற மரபணு வேலை செய்யாமல் போனதால் வருவது, தாய் தகப்பன் இரண்டு பேரும் கொடுத்தால்தான் வெளிப்படும். அந்தக் கோழி சின்னது. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிராய்லரோடு சேர்த்துச் சேர்த்து, உடம்பு பிராய்லராகவும் தோல் வெறுமையாகவும் இருக்கும்படி கொண்டுவந்தார் கஹானர்.

35 டிகிரியில் வைத்தபோது இறகுள்ள கூடப்பிறந்தவை தீனியைக் குறைத்து வளர்ச்சியில் பின்தங்கின. இறகில்லாதவை உடம்பு வெப்பம் ஏறாமல், குளிர்ச்சியான இடத்தில் வளர்வதுபோலவே வளர்ந்தன, நெஞ்சுக்கறி விகிதமும் தெளிவாகக் கூடுதல். சூடு எவ்வளவு கறியைத் தின்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

ஆனாலும் அது பண்ணைக்கு வரவில்லை. வெறும் தோல் கீறிக்கொள்ளும், வெயிலில் வெந்துபோகும், கொசுவும் பூச்சியும் கடிக்கும். சேவல் ஏறும்போது பெட்டையின் முதுகைக் காக்க ஒன்றும் இல்லை. குஞ்சுப் பருவத்தில் சூட்டுக்கு ஆகும் செலவு வேறு. கோழியைப் பார்த்தால் ஜனங்களுக்கு வாங்கத் தோன்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அது ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருப்பது நல்லது, அந்த உயிருக்கு.

கேள்வி: ஹேச்சரியில் ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கிறார்கள். வீட்டில் அடை வைத்துப் பொரித்த குஞ்சுகளில் அதேபோல் பார்த்தேன், பாதிக்கு மேல் தப்பாகிவிட்டது. எங்கே பிசகு? மெதுவாக இறகு முளைக்கும் குஞ்சு எடையும் மெதுவாகத்தான் வருமா? – எம்.ஆர்., சங்ககிரி

பதில்: பிசகு உங்கள் கண்ணில் இல்லை, தாய் தகப்பனில். இறகு மெதுவாக முளைக்க வைக்கும் மரபணு, சேவலா பெட்டையா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு அதில் இரண்டு இடம், பெட்டைக்கு ஒரே இடம். தாய் மெதுவான வகையாகவும் தகப்பன் வேகமான வகையாகவும் இருக்கும்படி பார்த்துச் சேர்த்தால், மகன்களுக்கு அம்மாவிடமிருந்து மெதுவான மரபணு போகும், மகள்களுக்குப் போகாது. ஆக மகள்கள் வேகம், மகன்கள் மெதுவு. பொரித்த அன்றே இறக்கையை விரித்தால் மகளுக்கு அடியில் உள்ள நீள இறகு மேலே மூடும் இறகைவிடத் தெளிவாக நீண்டிருக்கும், மகனுக்கு இரண்டும் ஒரே நீளம் அல்லது மேலே உள்ளது நீளம். இந்த ஏற்பாடு இல்லாத வீட்டுக் கோழியில் இறக்கை பார்ப்பது பூவா தலையா போடுவதுதான். ஏற்பாடு இருந்தாலும் ஒரு நாள் தாண்டினால் நீளம் மாறிக் குழம்பிவிடும்.

எடையைப் பொறுத்தவரை, மெதுவான இறகுக்காகக் கறி குறைந்தது என்று கவலைப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. பிராய்லர் ஷெட்டில் மூன்று, நாலு வாரச் சேவல் குஞ்சுகள் முதுகு வெறுமையாக அலைவது இதனால்தான். நெரிசலாக விட்டால் அந்த முதுகில் நகக்கீறல் விழும், அதில் புண் வரும், அங்கேதான் நஷ்டம். தள்ளி விடுங்கள், கூளத்தைக் காய்ந்ததாக வையுங்கள். முட்டைக்கோழி வம்சங்களில் கதை கொஞ்சம் வேறு, அந்த மரபணுவோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய வைரஸின் துண்டும் வருகிறது, ரத்தப் புற்று வகை நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. வம்சம் உண்டாக்கும் கம்பெனிகள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது, நம் கவலை இல்லை.

கேள்வி: கலர் கோழிக் கறிக்கு வெள்ளைக் கோழியைவிட ருசி அதிகம்தானே? – ஒரு இல்லத்தரசி, ஈரோடு

பதில்: இறகின் நிறத்துக்கும் கறிக்கும் சம்பந்தம் இல்லைம்மா. பிராய்லரை வெள்ளையாக்கியதே, பறித்தபின் தோலில் தங்கிவிடும் முளை இறகு கறுப்பாகத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். ருசி வயதிலும் ஓடியாடித் தின்றதிலும் இருக்கிறது. ஆறேழு வாரத்தில் வெட்டிய கலர் பிராய்லரை நாட்டுக்கோழி என்று விற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. வாங்குமுன் காலைப் பாருங்கள், வயதான கோழிக்குச் செதில் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும், நெஞ்செலும்பின் நுனியை அழுத்தினால் வளையாது.

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். மொட்டைக்கழுத்துக் கலப்புக் குஞ்சு 50 வாங்கினேன், தீனி மட்டும் நன்றாகத் தின்கின்றன, எடை இல்லை. – டி., குன்னூர்

பதில்: இந்த மரபணு வேலை செய்யக்கூடாத ஊரில் நீங்கள் அதை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் அந்தக் கோழி தின்றதில் ஒரு பகுதியை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிக்கிறது. கறிக்கு மிச்சம் என்ன இருக்கும்? முதல் வாரம் எந்தக் குஞ்சானாலும் 32–35 டிகிரி வேண்டும், பிறகு படிப்படியாகக் குறைப்போம். உங்கள் குஞ்சுகளுக்கு அந்தக் குறைப்பை மெதுவாகச் செய்யுங்கள், இரவில் பல்பைச் சீக்கிரம் நிறுத்தாதீர்கள், கூளத்தை அரை அடிக்கு ஏற்றி, காற்று வரும் பக்கம் சாக்குத் தொங்கவிடுங்கள். இந்தக் கூட்டத்தை இப்படிச் சமாளியுங்கள். அடுத்த முறை முழு இறகுக் கோழியே போதும்.

'பிரான்ஸில் குளிர்தானே, அங்கே லேபிள் ரூஜ் என்கிற தர முத்திரைக் கோழிகளில் நிறைய மொட்டைக்கழுத்துத்தானே' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார், அவருக்கும் இங்கேயே. அந்த முத்திரைக்குக் கோழி குறைந்தது 81 நாள் வளர வேண்டும், எல்லாம் மெதுவாக வளரும் வம்சம். அங்கே சூடு தாங்குவதற்காக அதை வைக்கவில்லை, பாரம்பரியக் கோழி என்று வாங்குபவருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. கழுத்தைப் பார்த்தே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு வாடிக்கையாளர் கூட்டம் யாருக்காவது அமைந்தால் நான் எதிர்க்கமாட்டேன்.

கேள்வி: சரி, இந்தியாவில் முறையாக உருவாக்கிய மொட்டைக்கழுத்துக் கலப்பினம் எது? வாங்கிவந்து நாமே பெருக்கிக்கொள்ளலாமா? – என்.கே., திண்டிவனம்

பதில்: உத்தரப்பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் இஸத்நகரில் மத்திய பறவையின ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1979இல் தொடங்கியது. சுருக்கமாகக் காரி என்பார்கள். நாட்டு மொட்டைக்கழுத்தை அவர்களுடைய காரி ரெட் வம்சத்தோடு சேர்த்து எடுத்தது ஹிட்காரி, சுருள் இறகுக் கோழியைச் சேர்த்து எடுத்தது உப்காரி. இரண்டும் புறக்கடையில் முட்டைக்கும் கறிக்குமாக வளர்ப்பதற்கு, பிராய்லர் எடையை எதிர்பார்க்காதீர்கள். கறிக்கென்றே மொட்டைக்கழுத்தில் அவர்கள் கொண்டுவந்தது காரிப்ரோ மிருத்யுஞ்சய். திண்டிவனம் வெயிலில் கறிக்குச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்த மாதிரி வேகமாக வளரும் வம்சத்தில்தான் இந்த மரபணுவுக்கு அர்த்தம்.

பெருக்குவது பற்றி: வாங்கிய கலப்புகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் அடுத்த தலைமுறை சிதறும். சில மொட்டை, சில முழு இறகு, எடையும் மேலும் கீழுமாக. விற்பனைக்கு வளர்ப்பவர் ஒவ்வொரு பேட்சுக்கும் புதுக் குஞ்சு எடுப்பதுதான் முறை. அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் இரண்டு பிரதிச் சேவல் ஒன்றை மட்டும், மணப்பாறைக்காரருக்குச் சொன்ன கழுத்துக் கொத்தைப் பார்த்து வாங்கி, வேகமாக வளரும் கலர் கலப்புப் பெட்டைகளோடு விடலாம். வெளியிலிருந்து வரும் சேவலை மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள். பங்குனிக்கு முன் குஞ்சு கையில் இருக்க வேண்டும் என்றால் தையிலேயே முட்டை சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள்.